பத்து ஷில்லிங் பயம்

2020 நவம்பர். லண்டன் இரண்டாவது முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. கம்பெனி வேலையாக அங்கே போயிருந்த நான், ஈஸ்ட்ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரியின் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அவருக்கு வயது 82. கீழே அவரும் டிவியும், மேலே நானும் லேப்டாப்பும். ஒருநாள் காலை ஸ்டாண்டப் மீட்டிங்கின் நடுவே கீழேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒருக்கா கீழ வாங்கோ."

மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு இறங்கினேன். சமையலறை மேசையில் பேரன் வாங்கிக் கொடுத்த ஐபேட் கிடந்தது. பக்கத்தில் அவருடைய வங்கி அட்டை. அட்டையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"ரிவி லைசென்ஸ் காசு போகேல்லையாம். இண்டைக்குள்ள கட்டாட்டி ஃபைன் எண்டு போட்டிருக்கு. நான் விடிய எழும்பினவுடன எல்லாத்தையும் குடுத்திட்டன். பிறகுதான் ஒரு யோசினை வந்தது. நான் செக் அனுப்பினனான் எல்லோ?"

ஆமாம், செப்டம்பரிலேயே அவர் 157 பவுண்டு 50 பென்ஸுக்குக் காசோலை எழுதி அனுப்பியிருந்தார். தபால்பெட்டியில் போட்டதே நான்தான். மின்னஞ்சலோ, "உங்கள் டைரக்ட் டெபிட் தோல்வியடைந்தது" என்றது. அவருக்கு டைரக்ட் டெபிட்டே கிடையாது. இல்லாத ஒன்று எப்படித் தோல்வியடையும்? இந்தக் கேள்வி அவருக்கும் வந்தது, ஆனால் அட்டை எண்ணைக் கொடுத்த பிறகு வந்தது. இருபது நிமிடம் தாமதம்.

அந்த இருபது நிமிடத்துக்குப் பின்னால் ஏறக்குறைய நூறு வருட வரலாறு இருக்கிறது என்பது எனக்கு அன்று தெரியாது.

*

டிவி பார்க்க லைசென்ஸா என்று நம்மூரில் இன்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பாஸ்புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. ரேடியோ லைசென்ஸ். வருடாவருடம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி அதைப் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் இந்தியா அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. பிரிட்டன் கைவிடவில்லை.

அங்கே இது 1922 நவம்பர் 1-ல் தொடங்குகிறது. வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் வருடத்துக்குப் பத்து ஷில்லிங் கட்ட வேண்டும். வசூலிப்பது தபால்துறை. அப்போது பிபிசி பிறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது; அன்றாட ஒலிபரப்பு தொடங்கியதே நவம்பர் 14-ல். அதாவது நிகழ்ச்சிக்கு முன்பே கட்டணம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது சுமார் 90 லட்சம் வானொலி உரிமங்கள் இருந்தன. 1946 ஜூனில் டிவிக்கும் சேர்த்து இரண்டு பவுண்டு ஆனது. 1968-ல் கலர் டிவிக்கென்று தனியாக ஐந்து பவுண்டு கூட்டினார்கள். 1971-ல் வானொலிக்கு மட்டுமான உரிமத்தை எடுத்துவிட்டார்கள். 2016 செப்டம்பரிலிருந்து பிபிசியின் ஐபிளேயரில் பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும்.

இதில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பொறியியல் சிக்கல் இருந்தது. மின்சாரத்துக்குப் பணம் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கலாம். தண்ணீருக்குக் குழாயை மூடலாம். காற்றில் வரும் அலையை ஒரு வீட்டுக்கு மட்டும் எப்படி நிறுத்துவது? அன்றைய தொழில்நுட்பத்தில் முடியாது. கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே பாட்டுதான். அப்படியென்றால் வசூலிக்க இரண்டே வழி. ஒன்று, மக்களின் நேர்மை. இன்னொன்று, மாட்டிக்கொள்வோம் என்ற பயம். தபால்துறை இரண்டையும் நம்பியது. இரண்டாவதைக் கொஞ்சம் கூடுதலாக.

அந்தப் பயத்துக்கு ஒரு உருவம் கிடைத்தது: டிடெக்டர் வேன். 1920-களிலேயே வானொலியைக் கண்டுபிடிக்கும் வண்டிகள் உண்டு. டிவிக்கான முதல் வண்டியை 1952-ல் தபால்துறை அமைச்சருக்கு ஓட்டிக் காட்டினார்கள். கூரையில் ஆன்டெனாக்கள், உள்ளே ஹெட்ஃபோன் மாட்டிய ஆட்கள். வித்தை உண்மையானதுதான். அன்றைய பிரிட்டிஷ் டிவி திரையில் 405 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் நொடிக்கு 10,125 கோடுகள். அந்த வேகத்தில் எலக்ட்ரான் கற்றையை இழுத்தாட்டும் சுருள், அதே அதிர்வெண்ணில் காந்தப்புலத்தைத் தெருவரைக்கும் கசியவிடும். வண்டி அதைப் பிடிக்கும்.

ஆனால் நாடு முழுக்க இருந்த வீடுகளோடு ஒப்பிட்டால் வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உண்மையான டிடெக்டர் வேறு. 1967-ல் ஒரு சட்டம் வந்தது. டிவி விற்கும் கடைக்காரர், வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். 2013 வரை இது நடைமுறையில் இருந்தது. பிறகு எல்லாம் கணினிக்குப் போனது. சுமார் 3 கோடி முகவரிகள்; எதெதில் உரிமம் இல்லையோ அதெல்லாம் சந்தேகப் பட்டியல். என் மொழியில் சொன்னால், இரண்டு டேபிள்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கொயரி. அவ்வளவுதான். வண்டியைக் காட்டினார்கள், வேலையைப் பட்டியல் செய்தது.

எழுபதுகளில் ஒரு அரசு விளம்பரப் படம் வந்தது. வண்டிக்குள் இருப்பவர், எந்த வீட்டில், எந்த அறையில் டிவி ஓடுகிறது என்று சொல்கிறார். அதோடு நிற்காமல், அவர்கள் 'கொலம்போ' துப்பறியும் தொடர் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்கிறார். பார்ப்பவன் வயிற்றைக் கலக்குவதுதான் நோக்கம். வண்டிகள் பிடித்த சான்று நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கப்பட்டதில்லை என்பதைத் தகவல் உரிமைக் கேள்விகளுக்கான பதிலில் பிபிசியே பிற்பாடு சொல்லியிருக்கிறது. வண்டியின் வேலை சாட்சி சொல்வதில்லை, தெருவில் தென்படுவதுதான் போலும்.

உரிமம் இல்லாமல் பார்ப்பது இன்றும் குற்றவியல் சட்டத்தில் வருகிறது. ஆயிரம் பவுண்டு வரை அபராதம். வழக்குக்கு ஆளாகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். பகலில் கதவைத் தட்டினால் திறக்க வீட்டில் இருப்பவர் யார் என்று யோசித்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும். உரிமம் இல்லாத முகவரிகளுக்கு, "சட்டப்படி குடியிருப்பவர்" என்று பெயரில்லாமல் கடிதங்கள் போகின்றன. மூன்று தலைமுறை பிரிட்டிஷ்காரர்கள் இந்தக் கடிதத்தோடும் வண்டிக் கதையோடும் வளர்ந்திருக்கிறார்கள்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அன்ரியின் மடியில் ஒரு பென்னி கனம் கிடையாது. "நான் ஒருநாளும் ஒருத்தருக்கும் கடன் வைச்சதில்லை" என்பதை அன்று நாலு தடவை சொன்னார். இந்தப் பழமொழி இங்கே தலைகீழாக நிற்கிறது. கடன் வைக்காதவர்தான் கடன் என்ற சொல்லுக்கு அதிகம் நடுங்குகிறார்.

*

அந்த வருடம் அந்தப் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2000 நவம்பரிலிருந்து 75 வயது தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் இலவசம். 2020 ஆகஸ்ட் 1-ல் அந்தச் சலுகை சுருங்கியது. பென்ஷன் கிரெடிட் என்ற அரசு உதவி வாங்குபவர்கள் தவிர மற்ற முதியவர்கள் கட்ட வேண்டும் என்றானது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கடிதம் போனது. ஏழு வருடமாக இந்தக் கட்டணத்தை மறந்திருந்த அன்ரி திடீரென்று காசோலை எழுத வேண்டி வந்தது. சரியாகச் செய்தோமா என்ற ஐயம் மனதில் ஆறாமல் இருந்த நேரத்தில் அந்த மெயில் வந்து விழுகிறது.

மோசடிக்காரனுக்கு அன்ரியைத் தெரியாது. அவன் லட்சக்கணக்கான முகவரிகளுக்கு ஒரே கடிதத்தைக் கொட்டுகிறான். அதில் சிலராவது அந்த வாரம் லைசென்ஸைப் பற்றிக் கவலையில் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் அது தனக்கே எழுதியதுபோல் இருக்கும். கிளி ஜோசியம் பலிப்பதும் இப்படித்தான்.

இந்த வகை மெயில்கள் அதற்கு முன்பே பெருகியிருந்தன. 2018-ன் கடைசி மாதங்களில் மட்டும் பிரிட்டனின் அப்போதைய மோசடிப் புகார் மையமான ஆக்‌ஷன் ஃப்ராடுக்கு ஆயிரக்கணக்கான புகார்கள் போயின. சில மெயில்கள் மிரட்டின. சில, "உங்களுக்குப் பணம் திரும்ப வர வேண்டியிருக்கிறது" என்று ஆசை காட்டின. 2020-ல் கொரோனா சலுகையாக ஆறு மாதம் இலவசம் என்று ஒன்று சுற்றியது. மிரட்டலோ ஆசையோ, கடைசியில் வருவது அதே பட்டன்தான்.

ஃபிஷிங் என்ற சொல் தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் சேவையைச் சுற்றித் திரிந்த பையன்களிடமிருந்து வந்தது. ஊழியர்போல் நடித்து, "உங்கள் பில்லிங் விவரத்தைச் சரிபார்க்க வேண்டும்" என்று செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லைக் கறப்பார்கள். முப்பது வருடம் ஆகியும் வசனம் மாறவில்லை.

மாறாததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. மின்னஞ்சல் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையின் வரையறை 1982-ல் வந்தது. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களுக்காக எழுதப்பட்டது அது. அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். தபால் உறையின் பின்னால் "அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்" என்று நானும் எழுதலாம், தபால்காரர் கேட்க மாட்டார். அப்படித்தான். பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று ஒட்டுப்போட்டார்கள். அவை உதவுகின்றன. ஆனால் அசலைப் போலவே தோன்றும் வேறொரு டொமைனை மோசடிக்காரன் காசு கொடுத்துப் பதிவு செய்தால், அந்த டொமைனுக்கு அவனே உரிமையாளன். எல்லாச் சோதனையிலும் அவன் பாஸ். உலாவியில் பூட்டுப் படம்கூட வரும். வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதைத்தான் அந்தப் பூட்டு சொல்கிறது. எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்பது அதற்குத் தெரியாது.

*

அன்றைக்கு முதலில் செய்தது வங்கியைக் கூப்பிட்டதுதான்.

"அன்ரி, பதறாதீங்க. கார்டைத் திருப்புங்க. பின்னாடி ஒரு நம்பர் இருக்கும், அதுக்குப் பேசுவோம்."

மெயிலில் இருந்த எண்ணைத் தொடவில்லை. அரை மணி நேரம் இசை கேட்டபிறகு ஒரு பெண் எடுத்தார், அட்டையை முடக்கினார். அதுவரை பணம் ஏதும் போயிருக்கவில்லை. அன்ரி நாற்காலியில் சாய்ந்தார். நான் தேநீர் போட்டேன். பிறகுதான் அந்த மெயிலை நிதானமாகப் பார்த்தோம்.

வணக்கத்துக்குப் பிறகு அன்ரியின் பெயர் இல்லை. அவருடைய மின்னஞ்சல் முகவரியையே பெயர்போல் போட்டிருந்தார்கள். அசல் அலுவலகம் எழுதும் மெயிலில் குடும்பப் பெயரோ, அஞ்சல் குறியீட்டின் ஒரு பகுதியோ இருக்கும். அனுப்பிய பெயர் பார்க்கச் சரியாக இருந்தது. அதைத் தட்டி விரித்தால் உள்ளே சம்பந்தமே இல்லாத ஒரு முகவரி. பட்டனை விரலால் அழுத்திப் பிடித்தால் அது எங்கே போகிறது என்று ஐபேட் காட்டும். நீளமான முகவரியின் தொடக்கத்தில் டிவி லைசென்ஸ் என்ற சொற்கள் இருந்தன. அதை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பெயர்தான் உரிமையாளர். காந்தி தெரு எல்லா ஊரிலும் இருக்கும், கடைசியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்தால்தான் கடிதம் எங்கே போகும் என்று தெரியும், என்றேன். "இது விளங்குது" என்றார்.

எனக்கு விசித்திரமாகப் பட்டது அந்தப் படிவம். லைசென்ஸ் கட்ட அட்டை எண் போதும். அதில் பிறந்த தேதி, தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், வீட்டு ஃபோன் நம்பர் எல்லாம் கேட்டிருந்தார்கள். அன்ரி எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பியிருந்தார். எதற்கு இத்தனை என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

வீட்டு ஃபோன் அடித்தது. மிகப் பண்பான ஆங்கிலம். வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னவர், அன்ரியின் பிறந்த தேதியைச் சொன்னார், தாயின் பெயரைச் சொன்னார். சில நாட்களுக்கு முன் போலி லைசென்ஸ் மெயில் எதிலாவது விவரம் கொடுத்தீர்களா என்று அக்கறையோடு கேட்டார். உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது, பணத்தை உடனே வேறொரு 'பாதுகாப்பான கணக்குக்கு' மாற்ற வேண்டும் என்றார்.

இதுதான் உண்மையான அறுவடை. மெயில் வெறும் விதைப்பு. ஒரு களவின் ஆதாரத்தைக் காட்டியே அடுத்த களவுக்கு நம்பிக்கை சம்பாதிக்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களில் பலர் இழந்தது இந்த இரண்டாவது படியில்தான். எந்த வங்கியும் வாடிக்கையாளரைப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. அன்ரி ரிசீவரை வைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். லேண்ட்லைனில் எதிராளி வைக்காமல் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நாம் வங்கிக்கு டயல் செய்வதாக நினைத்து அவனிடமே பேசிக்கொண்டிருப்போம். ஆகவே என் மொபைலிலிருந்து வங்கியை அழைத்தோம். அவர்கள் யாரும் கூப்பிடவே இல்லை.

மெயிலை, ரிப்போர்ட் அட் ஃபிஷிங் டாட் கவ் டாட் யுகே என்ற முகவரிக்கு முன்னனுப்பினேன். பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் அதே 2020 ஏப்ரலில் தொடங்கியிருந்த சேவை. வந்து விழும் மெயில்களைச் சோதித்துப் போலித் தளங்களை முடக்குவார்கள். எஸ்எம்எஸ்ஸாக வந்தால் 7726-க்கு அனுப்பலாம். 2021-லிருந்து 159 என்று அடித்தாலே பெரும்பாலான வங்கிகளுக்கு நேரடியாகப் போய்விடலாம்.

*

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்ரிக்காக மட்டும் இல்லை.

என் முதல் வேலையில் நானும் ரிமைண்டர் மெயில் அனுப்பும் சிஸ்டம் எழுதியிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. தலைப்பில் "கடைசி அறிவிப்பு" என்று போட்டால் எத்தனை பேர் திறக்கிறார்கள், "24 மணி நேரத்தில் நிறுத்தப்படும்" என்றால் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று இரண்டு வடிவங்களை அனுப்பி எண்ணிப் பார்ப்போம். பயமுறுத்தும் வடிவம்தான் ஜெயிக்கும். பட்டனுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தது நான். பாராட்டுகூட வாங்கினேன்.

அன்ரியின் ஐபேடில் இருந்த மெயிலில் அந்தச் சிவப்புப் பட்டன் இருந்தது. கடைசி அறிவிப்பு இருந்தது. 24 மணி நேரம் இருந்தது. மோசடிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வண்டியைக் காட்டிப் பயமுறுத்திய தபால்துறையிலிருந்து, சிவப்புப் பட்டன் வைத்த என்னைப்போன்ற பொறியாளர்கள்வரை எல்லோரும் சேர்ந்து மக்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக் கொடுத்திருந்தோம்: பயம் வந்ததும் அழுத்து. அவன் அந்தப் பழக்கத்தை அறுவடை செய்தான்.

அதனால்தான் அடையாளம் காட்டும் பட்டியல்களில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. எழுத்துப்பிழை இருக்கும் என்பார்கள், இப்போது இருப்பதில்லை. லோகோ மங்கலாக இருக்கும் என்பார்கள், தெளிவாகவே இருக்கிறது. அன்ரிக்கு நான் கடைசியில் சொன்னது ஒரே ஒரு பழக்கம். அவன் காட்டும் வாசல் வழியாகப் போகாதீர்கள். மெயில் உண்மையோ பொய்யோ, மூடி வையுங்கள். லைசென்ஸ் பற்றித் தெரிய வேண்டுமென்றால் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். வங்கி என்றால் அட்டையின் பின்னால் உள்ள எண். கடன் உண்மை என்றால் அங்கேயும் அது இருக்கும். அரைநாள் தாமதத்தால் யாரும் சிறைக்குப் போவதில்லை.

மூன்று மாதம் கழித்து நான் ஊர் திரும்பினேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. டிவி லைசென்ஸிங் முத்திரை போட்ட உறை. அன்ரி அதைப் பிரிக்காமல் இரண்டு நாள் ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்திருக்கிறார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் மெயில் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார். பேரன் அனுப்பிய பிறந்தநாள் படங்கள்கூடத் திறக்கப்படாமல் கிடந்தன. பணம் ஒரு பென்னி போகவில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என்ன போயிற்று என்று அந்த உறையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"இது கள்ளக் கடிதமோ, சரியான கடிதமோ, தம்பி?"

பிரித்துப் பார்த்தேன். பெயர் சரி, முகவரி சரி, லைசென்ஸ் எண் இருந்தது. உண்மையானது என்றுதான் பட்டது. ஆனாலும் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. மேசையில் உட்கார்ந்து, ஐபேடை அவர் பக்கம் நகர்த்தி, தளத்தின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒற்றை விரலால் தட்டினார். கடிதத்திலிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தார். திரையில் அவருடைய லைசென்ஸ் விவரம் வந்தது. 2021 செப்டம்பர் வரை செல்லுபடியாகும் என்று இருந்தது.

"அப்ப சரியான கடிதம்தான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, ஐபேடை மூடாமல், பேரன் அனுப்பிய படங்கள் எங்கே இருக்கும் என்று கேட்டார்.